குச்சி நிறத்தில் மெழுகுவர்த்தி

மழைக்காலம் வந்தால் பாதி நிலம் தண்ணீருக்குள் போய்விடும் காடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த நாட்களில் அங்குள்ள விலங்குகள் எல்லாம் மலையடிவாரத்துக் குகைக்குள் போய்த் தங்கும். நனையாத இடம்தான். ஆனால் உள்ளே கும்மிருட்டு. நடுவில் ஆழமான பள்ளம் வேறு.

போன வருடம் ஒரு முயல்குட்டி அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. யானை துதிக்கையை நீட்டித் தூக்கியதால் பிழைத்தது. ஆனாலும் அதன் பின்னங்கால் ஒன்று இன்றுவரை சரியாக ஊன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் கூரம்மா என்ற முள்ளம்பன்றி மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கியது. கூரம்மாவுக்குக் கை சுறுசுறுப்பு அதிகம், பொறுமை குறைவு. கரடி தேனைக் குடித்துவிட்டு எறியும் அடைகளைப் பொறுக்கி வந்து உருக்கும். மூங்கில் குழாய்க்குள் எருக்கம் பஞ்சில் திரித்த திரியை நிறுத்தி, மெழுகை ஊற்றும். ஆறியதும் மூங்கிலைப் பிளந்து எடுக்கும். இப்படி முப்பது மெழுகுவர்த்திகளைச் செய்து குகை வாசலில் அடுக்கி வைத்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தன.

பக்கத்துப் பாறையில் வாலன் என்ற குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் வாயில் போடுகிற குரங்கு அது. அதன் பின்னால் அதன் கூட்டமும் வரிசையாக உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தது.

"வாழைப்பழம் என்று நினைத்துவிட்டோம்" என்றது வாலன். "மஞ்சளாக இருந்தது, நீளமாக இருந்தது. வேறு என்ன நினைப்பது?"

யானைத் தலைவி வேழம்மை விஷயம் கேள்விப்பட்டு வந்தது. வேழம்மை கண்டிப்புக்குப் பேர்போனது.

"கூரம்மா, விளக்கு வேண்டியதுதான். ஆனால் குகைக்குள் இந்தக் குரங்குகளும் நம்மோடுதான் இருக்கப் போகின்றன. ஒரு துண்டு தொண்டையில் சிக்கினால் யார் பொறுப்பு?"

"சிவப்புச் சாயம் போட்டுவிடுகிறேன், தலைவி!"

"அத்திப்பழம் என்று தின்னும்."

"பச்சையாக்கினால்?"

"மான்கள் கடித்துப் பார்க்கும்."

கூரம்மா சுற்றுமுற்றும் பார்த்தது. தரையெங்கும் காய்ந்த குச்சிகள் கிடந்தன. குரங்குகள் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காய்ந்த குச்சி நிறம்! அந்தப் பழுப்பில் செய்தால்?"

வேழம்மை யோசித்தது. "செய். நாளை மறுநாள் மதியம் வந்து பார்ப்பேன். குரங்கு தொடாத நிறமாக இருந்தால் குகைக்குள் போகட்டும். இல்லையென்றால் இந்த வருடமும் இருட்டுதான்."

யானை போனதும், புதர் ஓரமாக நின்றிருந்த, போன வருடம் விழுந்த குட்டியின் தாய் முயல் மெதுவாக முன்னால் வந்தது.

"அக்கா, எனக்கு இந்தத் தடவை ஐந்து குட்டிகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

கூரம்மா கரடியிடம் ஓடி, மிச்சமிருந்த அடை முழுவதையும் கேட்டு வாங்கியது. "பார்த்துச் செலவு செய். இனி மழை விட்ட பிறகுதான் தேன்" என்றது கரடி.

மறுநாள் மெழுகு மண்சட்டியில் உருகிக்கொண்டிருந்தபோது நரி வந்தது. கேட்காமலே யோசனை சொல்லும் நரி அது.

"பழுப்புதானே வேண்டும்? மரப்பட்டையை வேகவைத்து அந்தச் சாற்றை ஊற்று. பட்டையின் நிறம் அப்படியே வந்துவிடும். இதுகூடத் தெரியாதா?"

கூரம்மா அப்படியே செய்தது. சாறு விழுந்ததும் சட்டி படபடவென்று வெடித்தது. சூடான மெழுகு நாலாபுறமும் தெறித்தது. நரியின் மூக்கிலும் ஒரு துளி பட்டது. சட்டி அடங்கியதும் பார்த்தால், மெழுகு பழைய மஞ்சள் நிறத்திலேயே மேலே நின்றது. பழுப்புத் தண்ணீர் தனியாக அடியில் தங்கியிருந்தது.

"உன் மெழுகுதான் சரியில்லை" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே நரி நழுவியது.

கூரம்மா மெழுகை ஆறவிட்டு, தட்டையாக எடுத்து, தண்ணீரைக் கொட்டியது. 'தண்ணீரில் கரைகிற சாயம் மெழுகில் ஒட்டாது. எண்ணெயில் இறங்குகிற சாயமாக வேண்டும்' என்று நினைத்தது. வேம்பாளம் பட்டை நினைவுக்கு வந்தது. எண்ணெயில் போட்டால் ரத்தச் சிவப்பாக நிறம் விடும் பட்டை அது. ஆற்றோரத்தில் கரிசலாங்கண்ணி இருந்தது. அது பச்சை நிறம் விடும்.

இரண்டு பிடி பட்டையையும் ஒரு பிடி வாடிய இலையையும் உருகிய மெழுகில் போட்டுக் கிளறியது. சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று விழுங்கின. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் அருமையான பழுப்பு! இலையையும் பட்டையையும் வடித்து எடுத்துவிட்டுப் பார்த்தது. காய்ந்த குச்சியேதான்.

"மெல்லா! மெல்லா!" என்று கத்தியது கூரம்மா.

மேலே கிளையில் இருந்த தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தது. அதன் பெயர் மெல்லான். பெயருக்கு ஏற்ற நடை. இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குப் போவதற்குள் பூ காயாகிவிடும் என்று மற்ற விலங்குகள் கேலி செய்யும்.

"இதில் ஒரு சொட்டு இலையில் எடுத்துக்கொண்டு போ. அந்தக் காய்ந்த மரத்துக் குச்சியோடு வைத்துப் பார். நிறம் சரிதானா என்று சொல். சீக்கிரம்!"

மெல்லான் இலையை ஏந்திக்கொண்டு புறப்பட்டது. ஒரு கை வைத்தது. யோசித்தது. மறு கை வைத்தது. அது மரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கூரம்மா பாதிக் குழாய்களில் மெழுகை ஊற்றி முடித்துவிட்டது.

"கூரக்கா, இது குச்சி நிறம் இல்லையே. வெளுத்திருக்கிறதே!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது.

"உனக்குத் தூக்கக் கலக்கம். சட்டியில் நான் கண்ணால் பார்க்கிறேனே!" என்று சொல்லி, மீதிக் குழாய்களிலும் கூரம்மா ஊற்றிவிட்டது.

ஆறிய பிறகு மூங்கிலைப் பிளந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றுவிட்டன. உள்ளே இருந்தது குச்சி நிறம் இல்லை, வெல்ல நிறம்! இளம் பழுப்பில், பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும்படி இருந்தது.

"அடடா, வெல்லம்!" என்று வாலன் கிளையிலிருந்து குதித்து ஒன்றைக் கவ்வியது. மென்றது. முகம் கோணியது. "மறுபடியும் அதேதானா?"

கூரம்மா சட்டியின் அருகே தொப்பென்று உட்கார்ந்தது. நாளைக்கு மதியம் யானை வந்துவிடும். தாய் முயலின் முகம் கண்முன் வந்தது. சட்டியில் குச்சி நிறமாக இருந்தது குழாயில் எப்படி வெல்லமானது?

அப்போதுதான் மெல்லான் மரத்திலிருந்து திரும்பி வந்து சேர்ந்தது. கையில் அதே இலை. இலையில் அதே சொட்டு. அது வெல்ல நிறத்தில் இருந்தது.

கூரம்மா அந்தச் சொட்டைப் பார்த்தது. பிளந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தது. இரண்டும் ஒரே நிறம்.

"மெல்லா, நான் கொடுத்தபோது இது கருமையாக இருந்ததே?"

"இருந்தது. போகிற வழியில் ஆறிவிட்டது. ஆற ஆற வெளுத்துவிட்டது" என்றது மெல்லான். "அதைத்தானே சொன்னேன்?"

"சொன்னாய். நான்தான் கேட்கவில்லை" என்று கூரம்மா தலையைக் குனிந்துகொண்டது. பிறகு சட்டென்று எழுந்தது. "சூடாக இருக்கும்போது காட்டுவது பொய் நிறம்! ஆறினால்தான் நிஜம்!"

மறுநாள் விடிந்ததும் மெழுகுவர்த்திகளை எல்லாம் மறுபடி உருக்கியது. இன்னும் இரண்டு பிடி பட்டை, ஒரு பிடி இலை. சட்டி இருண்டுபோனது.

"இந்தத் தடவை நான் ஓடியே போகிறேன், அக்கா" என்றது மெல்லான்.

"வேண்டாம் அப்பா, மெதுவாகவே போ!"

மெல்லான் போய் வந்தது. சொட்டில் சிவப்பு தூக்கலாக இருந்தது. கூரம்மா இன்னும் ஒரு பிடி இலை போட்டது. மெல்லான் மறுபடியும் புறப்பட்டது. கூரம்மாவுக்குக் கால் பரபரத்தது. கரண்டியைக் கையில் எடுத்தது, கீழே வைத்தது, மறுபடி எடுத்தது. ஆனால் ஊற்றவில்லை.

"கூரக்கா!" என்று கடைசியில் மரத்திலிருந்து குரல் கேட்டது. "சொட்டைக் குச்சி மேல் வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்!"

கூரம்மா ஒரே மூச்சில் எல்லாக் குழாய்களிலும் மெழுகை ஊற்றியது.

கடைசிக் குழாய் நிறைந்தபோது வேழம்மை வந்து நின்றது. பின்னால் நரியும் வந்திருந்தது.

நரி குழாய்களுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "கரி! தலைவி, இது சுத்தமான கரி நிறம். இருட்டுக் குகையில் கரி நிற மெழுகுவர்த்தியைத் தேடவே இன்னொரு விளக்கு வேண்டும்!"

வேழம்மையும் எட்டிப் பார்த்தது. "கூரம்மா, கறுப்பாகத்தானே இருக்கிறது?"

"இப்போதே சாயம் போடாத மெழுகைக் கலந்துவிடு. நான் சொல்வதைக் கேள்!" என்று நரி அவசரப்படுத்தியது.

கூரம்மாவின் முட்கள் நடுக்கத்தில் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. குழாய்க்குள் பார்த்தால் தனக்கே பயமாகத்தான் இருந்தது. நரி சொல்வது சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் பட்டென்று சொன்னது: "தலைவி, நீங்கள் பார்ப்பது சூட்டின் நிறம். ஆறட்டும். அதுவரை ஒன்றும் சேர்க்கமாட்டேன், ஒன்றும் எடுக்கமாட்டேன்."

"ஆறியும் கறுப்பாக இருந்தால்?"

"நீங்கள் சொன்னபடியே ஆகட்டும்."

வேழம்மை காதை ஒருமுறை ஆட்டியது. "மதியம் என்றேன். மதியம் இன்னும் முடியவில்லை" என்று சொல்லி நிழலில் நின்றுகொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தாய் முயலும் வந்து ஓரமாக உட்கார்ந்தது. குழாயின் வாயில் மெழுகு மெல்ல மெல்ல உறைந்தது. முதலில் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் வெளுத்தது. பிறகு அந்த வளையம் உள்நோக்கி நகர்ந்தது.

மூங்கில் சில்லென்று ஆனதும் கூரம்மா முதல் குழாயைப் பிளந்தது.

காய்ந்த குச்சி! சிவப்பும் இல்லை, கருமையும் இல்லை. வெயிலில் கிடந்த மரக்கிளையிலிருந்து ஒடித்தெடுத்தது போல இருந்தது.

"வாலா, இங்கே வா" என்று வேழம்மை கூப்பிட்டது. "இங்கே தின்ன ஏதாவது இருக்கிறதா, பார்."

வாலன் ஆசையாக ஓடி வந்தது. பிளந்து வைத்த மெழுகுவர்த்திகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றின் மேல் காலை வைத்து ஏறி, அக்கம்பக்கம் தேடியது. உதட்டைப் பிதுக்கியது.

"வெறும் குச்சிதான் கிடக்கிறது, தலைவி. ஏமாற்றாதீர்கள்!" என்று சொல்லிவிட்டு, மரத்தில் ஏறிப் போய்விட்டது.

வேழம்மை சிரித்தது. அது சிரித்து அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. "எல்லாவற்றையும் குகைக்கு எடுத்துப் போங்கள்" என்றது. நரி எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சிலிர்த்து நின்ற கூரம்மாவின் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அது நீளமாக ஒரு மூச்சு விட்டது. தாய் முயல் வந்து, முட்கள் குத்தாதபடி பார்த்து, அதன் அருகில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. பதினொரு நாள் விடாமல் பெய்தது. பள்ளத்தைச் சுற்றி மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஒருவரும் விழவில்லை, ஒருவரும் கடிக்கவில்லை. முதல் நாள் முழுவதும் கூரம்மா சுடரையே பார்த்துக்கொண்டு விழித்திருந்தது. இரண்டாம் நாள், இனிப் பயமில்லை என்று தெரிந்ததும், குகையின் மூலையில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

நீதி: சூட்டில் தெரியும் நிறத்தை நம்பி முடிவு எடுக்காதே, ஆறவிட்டுப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும்.