பத்து ஆள் வேணும்

அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டுப்பண்ணை. வாக்காளர் பட்டியல் எழுத ஜீப்பில் வந்த அதிகாரி, பழங்குடி வேலையாட்களை விட்டுவிட்டு, வெள்ளைக்கார முதலாளியையும் அவர் மனைவியையும் மட்டும் எழுதிக்கொண்டார்.

"எங்களுக்கும் ஓட்டு உண்டுன்னு சட்டம் வந்தாச்சே ஐயா?" என்றாள் பழங்குடிச் சமையல்காரி மேபல்.

"இந்தப் பண்ணையில ஆளுன்னா ரெண்டே பேர்தான்!" நோட்டை மூடிக் கிளம்பிவிட்டார்.

ஆற்றைக் கடக்கையில் ஜீப் சேற்றில் புதைந்தது. தண்ணீர் எடுக்க வந்த மேபலைப் பார்த்து, "ஏய், தள்றதுக்குப் பத்து ஆளைக் கூட்டிட்டு வா!" என்று கத்தினார்.

மேபல் தலையைச் சொறிந்தாள். "பத்துக்கு எங்கே போவேன் ஐயா? உங்க நோட்டுல இருக்கறதே ரெண்டு பேர். அவங்களும் தூங்கறாங்க."

ஜீப் இன்னும் ஒரு சாண் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

பத்தாவது வேலையாளின் பேரும் பட்டியலில் ஏறிய பிறகுதான் ஜீப் கரையேறியது.