மந்திரியின் ஆள்காட்டி விரல்

இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். கேட்ட நிலைமை அப்படி. அரசு மருத்துவமனைப் பல் டாக்டர் அருளப்பன் இதைச் சொன்னபோது நான் வாயைப் பிளந்துகொண்டு அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லாமல் கேட்ட கதையை எப்படி நம்புவது? நம்பாமலும் இருக்க முடியவில்லை. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மருதங்குடி ராஜாவின் மகனுக்கு ஒருமுறை பல்வலி. பிள்ளை கத்திய கத்தலில் ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. நமக்கு வைத்தியர் இருக்கிறார், இல்லாதவன் பிள்ளை என்ன செய்யும் என்று தோன்றியது. ராஜாக்களுக்கு எப்போதாவது இப்படித் தோன்றும். ஏழைப் பிள்ளைகளுக்கு அரண்மனைச் செலவில் பல் வைத்தியம் என்று உத்தரவு போட்டார். யாருக்குத் தகுதி என்று பார்க்கும் வேலை மந்திரி பேரம்பலத்தாருக்கு.

பேரம்பலத்தார் கஜானாவைத் தன் வாய் மாதிரி வைத்திருந்தவர். உள்ளே போகலாம், வெளியே வரக்கூடாது. அவர் ஒரு சோதனை கண்டுபிடித்தார். வருகிற பிள்ளையின் கையில் ஒரு சீடை. கடித்துவிட்டால் பல் நல்ல பல், வீட்டுக்குப் போ. கடிக்க முடியாவிட்டால் நெய்ச்சோறு தின்று வளர்ந்த பணக்காரப் பிள்ளை, அப்போதும் வீட்டுக்குப் போ.

ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. "நம் நாட்டில் ஏழையும் இல்லை, சொத்தைப் பல்லும் இல்லை!" என்று ராஜா பூரித்துப் போனார்.

கல் உடைக்கும் காத்தாயி தன் மகள் செங்கமலத்தைக் கூட்டிவந்தாள். கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. முதல்நாள் மறுபக்கத்துப் பல்லால் சீடையைக் கடித்தாள், துரத்தினார்கள். மறுநாள் எந்தப் பக்கமும் கடிக்க முடியாமல் அழுதாள், அன்றும் துரத்தினார்கள். வாசலில் நின்ற இருவரையும், ராஜாவைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்கும் அங்கமுத்து பார்த்தான்.

"என்னம்மா?"

"புள்ளைக்குக் கஞ்சிகூட எறங்க மாட்டேங்குதுங்க சாமி. நாங்க பணக்காரங்களாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அங்கமுத்து இருவரையும் நேரே சபைக்குள் அழைத்துப் போனான். பின்னாலேயே, துரத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளும் தாய்மார்களும் நுழைந்தார்கள்.

அங்கமுத்து விஷயத்தைச் சொல்ல, மந்திரி தன் சோதனையை விளக்கினார். ராஜா தலையைச் சொறிந்தார். "நியாயமாகத்தானே இருக்கிறது?"

"நியாயம்தான் மகாராஜா," என்றான் அங்கமுத்து. "சீடைதான் சரியில்லை. ஒருநாள் கல்லு, ஒருநாள் மாவு. சமையல்காரனை நம்பியா ராஜ்ஜியம் நடத்துவது? மந்திரியாரை நம்புவோம். எந்தப் பிள்ளைக்குத் தகுதி இல்லை என்கிறாரோ, அதன் வாயில் தன் விரலை வைக்கட்டும். பிள்ளை நறுக்கென்று கடித்தால் அவர் சொன்னது சரி."

"கடிக்காவிட்டால்?" என்றார் மந்திரி.

"விரல் உங்களுக்கு. வைத்தியம் பிள்ளைக்கு."

"பிரமாதம்!" என்றார் ராஜா. "பேரம்பலம், வையும் விரலை!"

இங்கேதான் எனக்குச் சந்தேகம். மந்திரி சொல்லி ராஜா கேட்பார். ராஜா சொல்லி மந்திரி கேட்பாரா? டாக்டர் என் கடைவாயைக் குடைந்துகொண்டே தொடர்ந்தார்.

"வலி இல்லாத பக்கமாகக் கடி, கண்ணு," என்றான் அங்கமுத்து. "உன்னைத் துரத்தின விரல் அதுதான்."

செங்கமலம் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்தாள். மந்திரியின் ஆள்காட்டி விரல் பாதிவழி போய் நின்றது.

"சொத்தை!" என்று அலறினார். "பெரிய சொத்தை! ஏழைதான்! வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்!"

அடுத்த பையன் பல்லை இளித்துக்கொண்டு வந்தான்.

"சொத்தை!"

அதற்கடுத்தவள்.

"சொத்தை!"

ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்க எட்டி நின்றாள். குழந்தை கொட்டாவி விட்டது.

"அதுவும் சொத்தை!"

"யோவ், அதற்கு இன்னும் பல்லே முளைக்கவில்லையே!" என்றார் ராஜா.

"முளைத்ததும் சொத்தைதான் மகாராஜா!"

ராஜா சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். தன் சால்வையைக் கழற்றி அங்கமுத்துவுக்குப் போர்த்தினார். செங்கமலம் அன்று மாலையே கஞ்சி குடித்தாள்.

போன மாதம் மறுபடி அதே நாற்காலி, அதே கதை. அருளப்பன் வேலையை முடித்துக் கையை எடுத்ததும் வாயை மூடினேன், கொப்பளித்தேன், இத்தனை வருடம் கேட்க முடியாததைக் கேட்டேன்:

"ஏன் டாக்டர், இந்தக் கதையை எங்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டே சொல்கிறீர்களே, உங்களுக்குப் பயமே கிடையாதா?"