பவளாயி சோதிச்ச மூணு சீட்டுக்கட்டு

கால நீட்டிக்கிட்டியா? போர்வைய இழுத்துக்கோ. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கிளி ஜோசியக்காரி இருந்தாளாம். அவ பேரு பவளாயி. அவ கிளி பேரு மாங்கா. ஆமா, மாங்காதான். சிரிச்சா தூக்கம் ஓடிடும், சும்மா கேளு. சந்தை நாளுல பவளாயி மரத்தடியில துணிய விரிச்சு, சீட்ட எல்லாம் வரிசையா அடுக்கி வெப்பா. யாராவது வந்து உக்காந்தா, கூண்டத் தொறந்து, "மாங்கா, இவங்க பேருக்கு ஒரு சீட்டு எடு"ம்பா. மாங்கா தத்தித் தத்தி வரும். ஒரு சீட்டத் தள்ளும், ரெண்டத் தள்ளும், மூணாவத மூக்கால கவ்வி அவ கையில குடுக்கும். ஒரு நெல்லு வாங்கிக்கிட்டு விறுவிறுன்னு கூண்டுக்குள்ள போயிரும். சீட்டுல இருக்கற படத்தப் பாத்து பவளாயி பலன் சொல்லுவா.

ம்.

ஒரு நாளு ஆத்தத் தாண்டறப்போ பரிசல் சுத்துச்சு. கிர்ர்ர்... கிர்ர்ர்... தொபுக்கடீர்! பவளாயி ஒரு கையால கூண்டப் புடிச்சா, இன்னொரு கையால பரிசல் விளிம்பப் புடிச்சா. சீட்டுக்கட்டப் புடிக்க மூணாவது கை இல்லயே. கட்டு அவுந்து போச்சு. சரஸ்வதி ஒரு பக்கம், முருகன் ஒரு பக்கம், மெதுவா, மெதுவா, பூ மாதிரி மிதந்து போனாங்க. மாங்கா கூண்டுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே வந்துச்சாம்.

அப்புறம், சீட்டு இல்லாம ஜோசியம் ஏது? பவளாயி அக்கரையில இருந்த வரதப்பர்ங்கற படம் எழுதறவர் வீட்டுக்குப் போனா. அவர் வீட்டுக்குள்ள கயிறு கயிறா சீட்டு காயுது. காத்தடிச்சா சலசல, சலசலன்னு அரசமரத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும்.

"தாயி, மூணு கட்டு இருக்கு. வரையத்தான் எனக்குத் தெரியும். சந்தையில ஆளுங்க முன்னாடி அது எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணா கொண்டு போய்ப் பாரு. தேறினத வெச்சுக்கோ"ன்னாரு.

அப்போ, மொத கட்டு. ஓரமெல்லாம் தங்கப்பூச்சு, தகதகன்னு மின்னுது. கூண்டத் தொறந்ததும் மாங்கா மூக்குல அந்தப் பூச்சு ஒட்டி, "க்ஷிக்!"னு ஒரு தும்மல். செங்கமலம்னு ஒரு அம்மா இடுப்புல குழந்தையோட வந்தா.

"அக்கா, புள்ளைக்கு நாலு நாளா காய்ச்சல். தானா எறங்கிடுமா, இல்ல டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணுமா?"

மாங்கா எடுத்துச்சு. மகாலட்சுமி சிரிச்சுக்கிட்டு நிக்கறா. "கவலைய விடு, நல்லதே நடக்கும்மா"ன்னா பவளாயி. செங்கமலம் மூஞ்சி மலர்ந்து போச்சு. எழுந்து போயிட்டா.

அடுத்து மாட்டத் தொலைச்சவர் வந்தாரு. மகாலட்சுமி. அண்ணன் தம்பி சண்டைன்னு ஒருத்தர் வந்தாரு. அவருக்கு வந்த சீட்டுல பூமாரி பொழியுது. பவளாயிக்குச் சந்தேகம் வந்துருச்சு. கட்டப் பூரா படபடன்னு திருப்பிப் பாத்தா. கெட்ட சீட்டு ஒண்ணுகூட இல்ல!

"ஐயோ, அந்தப் புள்ள!"

போட்டது போட்டபடி ஓடினா. தடதடதட. ஊரு எல்லையில போய்ப் புடிச்சா. "செங்கமலம், நில்லும்மா! நான் கட்டப் பாக்காம சொல்லிட்டேன். இதுக்கு நல்லதத் தவிர ஒண்ணும் சொல்லத் தெரியாது. மொத பஸ்ஸப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ." அவளே கூட நின்னு ஏத்தி விட்டா. டாக்டரு பாத்துட்டு, "நல்ல வேளை, இன்னிக்கே வந்தீங்க"ன்னாராம். பொழைச்சுக்கிச்சு. ம், நல்லா ஆயிடுச்சு, பயப்படாத. உன்ன மாதிரியே வம்பு பண்ணுச்சாம்.

அப்புறம் அடுத்த சந்தைக்கு ரெண்டாவது கட்டு. இது கறுப்பு. ஆந்தை, பாம்பு, பத்தி எரியற வீடு. மாங்கா கூண்ட விட்டு வரவே மாட்டேங்குது. "கீக், கீக்"னு மூலையில ஒடுங்குது. பவளாயி கெஞ்சிக் கூட்டியாந்தா.

அப்போ கெணறு வெட்டற பழனியாண்டி வந்தாரு. "பவளாயி, ஏழு ஆளு ஆழம் தோண்டிட்டேன். தண்ணியக் காணோம். இன்னும் தோண்டவா, விடவா?"

மாங்கா எடுத்துச்சு. பட்ட மரம், அதுமேல கழுகு. பழனியாண்டி பாத்தாரு. கையில இருந்த கடப்பாரைய டங்குன்னு போட்டுட்டாரு. "அவ்வளவுதான். விட்டுடறேன்."

பவளாயி அந்தச் சீட்டக் கவுத்து வெச்சா. "அண்ணே, நேத்து அள்ளின மண்ணு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா.

"சில்லுனு இருந்துச்சு. கையில ஒட்டுச்சு."

"அப்போ கழுகு கெடக்குது. மண்ணு சொல்றதக் கேளுங்க."

அவர் கடப்பாரைய எடுத்துக்கிட்டுப் போனாரு. மூணாம் நாளு, குபு குபு குபுன்னு தண்ணி. பவளாயி அந்தக் கட்டையும் திருப்பிக் குடுத்துட்டா.

ம் சொல்லு... ம். சரி.

மூணாவது கட்டுல சாமியும் இல்ல, பேயும் இல்ல. வெயில்ல காயற ஒரு சேலை. பாதி கடிச்ச கொய்யாப்பழம். ஒரு மேகம். ஒரு ஏணி. எழுத்தே கெடையாது. இத வெச்சு என்னத்தச் சொல்றதுன்னு பவளாயி முழிச்சா. மாங்கா மட்டும் கொய்யாப்பழத்த டொக்கு டொக்குன்னு கொத்திப் பாத்துச்சு.

அன்னிக்குக் குருவம்மா வந்தாங்க. வயசானவங்க. மகன் வேலைக்குன்னு கப்பல் ஏறிப் போயி பதினோரு வருஷம். கடுதாசி இல்ல, போன் இல்ல. வருஷா வருஷம் பவளாயிகிட்டதான் வந்து கேப்பாங்க, எப்ப வருவான்னு. பவளாயியும் வருஷா வருஷம், "தை பொறந்தா வந்துருவான்"னு சொல்லி அனுப்புவா.

மாங்கா எடுத்துச்சு. ஒரு கதவு. பாதி தொறந்திருக்கு. வெளிய வெளிச்சம்.

பவளாயி நாக்கு நுனி வரைக்கும் அதே பதில் வந்துருச்சு. முழுங்கிட்டா.

"அம்மா, இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

குருவம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. "எங்க வீட்டுக் கதவு. பதினோரு வருஷமா நான் இதப் பூட்டினதே இல்ல. அவன் வர்ற அன்னிக்கு வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுல்ல? மக கடலோரத்துல இருக்கா. வாம்மா வாம்மாங்கறா. பேத்திக்கு நாலு வயசு, இன்னும் தூக்கினதில்ல." அப்புறம் சின்னக் குரல்ல கேட்டாங்க, "அவன் வருவானா பவளாயி?"

"எனக்குத் தெரியாதும்மா. எந்த வருஷமும் தெரிஞ்சதில்ல. சும்மாதான் சொன்னேன்."

பவளாயி கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. குருவம்மா அவ கையத் தட்டிக் குடுத்தாங்க. "எனக்கும் தெரியும்டி. நீ சொல்றப்போ கேக்க நல்லா இருந்துச்சு."

அப்புறம் பவளாயி கேட்டா, "பக்கத்து வீட்ல யாரு?"

"மும்தாஜ். என் சட்டியில அவ ஆக்குவா, அவ சட்டியில நான் ஆக்குவேன்."

"அப்போ கதவப் பூட்டி சாவிய அவங்ககிட்ட குடுங்க. மகன் வந்தா, சோறு போட்டு, நீங்க இருக்கற எடத்தச் சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

குருவம்மா சீட்டத் திரும்ப ஒருதரம் பாத்தாங்க. "போடுவா. மீன் கொழம்பே வெச்சுப் போடுவா"ன்னு சொல்லி எழுந்தாங்க.

பவளாயி வரதப்பர்கிட்ட போனா. "ஐயா, இந்தக் கட்டு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"அப்போ வேண்டாமா தாயி?"

"இதுதான் வேணும்."

அப்புறம் குருவம்மா பஸ் ஏறினாங்க. தென்னை தென்னையா பின்னாடி போச்சு. உப்புக்காத்து வந்துச்சு. மக வீட்டு வாசல்ல ஒரு குட்டிப் பொண்ணு, வந்தவங்க யாருன்னே தெரியாம, நேரா மடியில ஏறி உக்காந்துக்கிச்சு. தூரத்துல அலை... ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... குருவம்மா அப்படியே சுவத்துல சாஞ்சு, பேத்தியக் கட்டிக்கிட்டு, பதினோரு வருஷத்துல மொத தடவையா, வாசல் சத்தத்துக்குக் காது குடுக்காம தூங்கினாங்க.

என்ன? மகன் வந்தானாவா?

அது அத்தைக்கும் தெரியாது, கண்ணு. சாவி மும்தாஜ் வீட்டு ஆணியில தொங்குது. யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்க அவங்க இருக்காங்க.

ம்... "ம்" நின்னுடுச்சே. கதையும் கரை சேந்தாச்சு. தூங்குடி செல்லம்.