பந்தியில் கேட்காத பெயர்

மடத்துக்கு வந்த திருமலைசாமியின் கையில் பத்திர நகல் இருந்தது. மூக்கு நுனியில் கோபம் இருந்தது. அரிசி ஆலை, தென்னந்தோப்பு, குடியிருக்கும் வீடு எல்லாவற்றையும் அன்னதான அறக்கட்டளைக்கு எழுதி வைக்கப் போகிறார். நல்ல காரியம்தான். ஆனால் ஊரார் பசி அவருக்கு நினைவு வந்ததே, மகள் கோகிலவாணி சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான்.

"நாளைக்குப் பதிவுங்க சாமி. அவளுக்கு ஒரு பருக்கை போகக் கூடாது. பின்னால நானே மனசு மாறினாலும் மாத்த முடியாதபடி எழுதச் சொல்லிட்டேன். வேற ஏதாச்சும் சேக்கணுங்களா?"

"முதல்ல பந்திக்கு வாங்க," என்றார் மடத்தை நடத்தும் சாமி.

சோற்று வாளியை அவரே தூக்கிக்கொண்டார். பரிமாறி முடியும்வரை யாரும் இலையில் கை வைக்கவில்லை. "கொடுத்த காளியண்ணன் குலம் தழைக்கட்டும்" என்று எல்லோரும் வாய்விட்டுச் சொன்ன பிறகே சாப்பிட ஆரம்பித்தார்கள். அது அந்த மடத்து வழக்கம். வரிசையின் கடைசியில் இருந்த நரைத்த தலைப் பெண்ணும் சேர்ந்து சொன்னாள். அவள் கேட்காமலே சாமி அவளுக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

கை கழுவும்போது திருமலைசாமி கேட்டார். "காளியண்ணன் யாருங்க?"

"இந்தச் சோத்துக்குத் தோட்டம் எழுதி வெச்சவர். உங்களை மாதிரியே மக மேல கோபம். வாரிசு யாருக்கும் இதுல ஒரு பருக்கை போகக் கூடாதுன்னு எழுதினார். அதுக்குக் காவல் நான்."

"கடைசி வரைக்கும் மனசு மாறலீங்களா?"

"மாறுச்சு. படுக்கையில கெடந்துக்கிட்டு வக்கீலைக் கூட்டிவரச் சொன்னார். அவரும் வந்தார். பத்திரத்தைப் படிச்சுக் காட்டிட்டுப் போயிட்டார். மாத்த வழியில்லாம எழுதுன்னு சொன்னதே இவர்தானே? அழுதுக்கிட்டேதான் செத்தார்."

"அந்த மக?"

"கடைசி இலை."

அவள் கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். திருமலைசாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். அவளை நோக்கி நடந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க பேரு..."

சாமி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அதை மட்டும் கேக்காதீங்க. அவங்க வாயால சொல்லிட்டா, பத்திரப்படி அந்த இலையை நான் எடுத்தாகணும்."