பத்தாம் நாள் மல்லிகை

மலையடிவாரத்து மடத்தில் மங்கைநாச்சியிடம் பூப்படம் செய்யக் கற்க வருகிறவர்கள் ஏதோ ஒரு துக்கத்தோடுதான் வருவார்கள். பூவைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கல் ஏற்றி, தினமும் தாள் மாற்றி, உலர்ந்ததும் அட்டையில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மூன்று மாதத்தில் மனம் ஆறிவிடும் என்று ஊரில் பேச்சு.

செங்கமலத்துக்கு ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. ஐம்பத்துநாலு வயது, குருவைவிட இருபது வயது மூத்தவள். மற்றவர்கள் இரண்டு கல் வைத்தால் இவள் ஏழு வைப்பாள். பூ சாறு கக்கித் தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும்.

“யாரை நசுக்குறீங்க?” என்று ஒருநாள் மங்கைநாச்சி கேட்டாள்.

“என் நாத்தனாரை.”

புருஷன் போன பத்தாம் நாள் செங்கமலத்தை மணையில் உட்காரவைத்து, தலை நிறைய மல்லிகை சூட்டினார்கள். சூட்டியது பிடுங்குவதற்காக. கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் பொன்னுத்தாயி முடியோடு சேர்த்து இழுத்தாள். இதற்குச் சடங்கு என்று பெயர் வைத்தவனை என்ன செய்தால் தகும்?

“கோபத்தை விட்டுருன்னு எல்லாரும் சொல்றாங்க, குருவம்மா. எப்படி விடுறது?”

“அந்தப் பூ எங்கே?”

செங்கமலம் பையிலிருந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தாள். மடியில் விழுந்த ஒரு துண்டுச் சரத்தை அன்று இடுப்பில் செருகிக்கொண்டவள், அதை இதற்குள் வைத்திருந்தாள்.

“இதை ஒட்டுங்க.”

“பழுப்பேறிப் போச்சே. இதை யாராவது படத்துல வைப்பாங்களா?”

மங்கைநாச்சி ஒரு வெற்று அட்டையை அவள் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

செங்கமலம் முதலில் அட்டையை முறைத்தாள். பிறகு உலர்ந்த பெரணி இலைகளைக் கூந்தலாக அடுக்கினாள். பின்பக்கமாகத் தெரியும் ஒரு பெண்ணின் தலை வந்தது. கொண்டையைச் சுற்றிப் பழுப்பு மல்லிகைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். காம்பு ஒடிந்த ஒரு மொட்டு மட்டும் எங்கே வைத்தாலும் சரியாக உட்காரவில்லை. அதோடு மல்லுக்கட்டியதில் மதியச் சோறு ஆறிப்போயிற்று. அத்தனை நேரமும் பொன்னுத்தாயியின் நினைப்பே வரவில்லை. அது பிறகுதான் உறைத்தது, அதற்கும் கோபம் வந்தது.

பௌர்ணமியன்று மடத்தில் படங்களைப் பார்க்க ஊர் ஜனம் வந்தது. பொன்னுத்தாயியும் வந்தாள். படத்தின் முன்னால் நின்றவள் முகம் சிவந்துபோயிற்று.

“இது என்ன கூத்து மதினி? எழவு வீட்டுப் பூவை நாலு பேர் பார்க்க மாட்டி வச்சிருக்கீங்க. எடுங்க முதல்ல.”

செங்கமலம் குருவைப் பார்த்தாள். மங்கைநாச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்க மாட்டேன்” என்றாள் செங்கமலம்.

“எனக்கும்தான் பன்னிரண்டு வருஷம் முன்னால பிடுங்கினாங்க. நான் என்ன படம் போட்டுக் காட்டினேனா?”

“வலிக்கும்னு தெரிஞ்சுதானே என் தலையில கை வச்சே, பொன்னுத்தாயி?”

பொன்னுத்தாயி திரும்பி நடந்தாள். வாசல் படிவரை போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செங்கமலம் குருவிடம் வந்தாள்.

“கேட்டுட்டேன். படமும் போட்டுட்டேன். இன்னும் எரியுதே, குருவம்மா.”

“கிணத்தடியில மல்லி பூத்திருக்கு. பறிச்சுட்டு வாங்க.”

“அட்டைக்கா?”

“தலைக்கு” என்றாள் மங்கைநாச்சி. “படியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் சேர்த்துப் பறிங்க.”