வெற்றோலை வென்ற தேர்தல்

பூபதிராயர் ஆண்ட காலத்தில் மணற்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே ஆண்டுதோறும் குடவோலைத் தேர்தல் நடக்கும். தமக்குப் பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதிக ஓலை பெற்றவர் ஊர்த்தலைவர்.

போட்டியிட்டது எப்போதும் இரண்டே பேர். கிழக்குக் கட்சிக்குச் சேந்தனார், மேற்குக் கட்சிக்குக் கலியப்பர். சேந்தனார் வென்றால் வாய்க்கால் வெட்டுவார். கலியப்பர் வந்ததும் அதைத் தூர்ப்பார். கலியப்பர் தெருவெல்லாம் புங்கமரம் வைப்பார். சேந்தனார் வந்ததும் பிடுங்கிப்போட்டு வேம்பு வைப்பார். மீன்சந்தை ஓராண்டு கிழக்கே, மறு ஆண்டு மேற்கே. ஊர்ப்பூனைகள்கூடத் தேர்தல் முடிவு தெரிந்த பிறகுதான் நடையைக் கட்டின.

சலித்துப்போன மக்கள் அந்த ஆண்டு ஓலையே போடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். செய்தி அரசருக்கு எட்டியது. ஓலை போடாதவர்களுக்குக் கசையடி என்று பறையறைவித்துவிட்டார்.

பயந்துபோன ஊரார் நீலாயியிடம் ஓடினார்கள். அவள் அரசவையில் வழக்குகளுக்கு யோசனை சொல்பவள். அரசரையே சிரிக்க வைத்துக் காரியம் சாதிப்பவள். ஆணையை இரண்டு தடவை கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஓலை போட வேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறார்? எழுத வேண்டும் என்று சொல்லவில்லையே."

தேர்தலன்று திருவிழாக் கூட்டம். கிழவர் முதல் புதுமணப்பெண் வரை வரிசையில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓலை போட்டார்கள். குடத்தைக் கவிழ்த்தால் இரண்டே ஓலையில்தான் எழுத்து இருந்தது. ஒன்றில் சேந்தனார் பெயர், சேந்தனார் கையெழுத்தில். மற்றதில் கலியப்பர் பெயர், கலியப்பர் கையெழுத்தில். மீதியெல்லாம் வெற்றோலை.

வாழ்நாளில் முதல்முறையாக இருவரும் ஒரே பல்லக்கில் ஏறி அரண்மனைக்கு வந்தார்கள். நீலாயி ஊரைக் கெடுத்துவிட்டாள், அரசாணையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டாள் என்று மாறி மாறி முறையிட்டார்கள்.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வெற்றோலையை நீலாயியின் கையில் கொடுத்தார். "இதில் மக்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டு. படிக்காவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஊருக்கும் கசையடி உண்டு."

தன்னை விரட்டினால் போகட்டும், தன் பேச்சைக் கேட்ட ஊர் அடிபடுமே என்று நீலாயி நினைத்தாள். ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சபை நடுவே மணல் பரப்பச் சொன்னாள்.

இருவரும் தாங்கள் ஊருக்குச் செய்த நன்மைகளை மணலில் விரலால் எழுத வேண்டும். மற்றவர் செய்ததில் தாம் கலைத்தது எதுவோ, அதை அழித்துக்கொள்ளலாம். இதுதான் அவள் கேட்டது.

இருவருக்கும் பரம சந்தோஷம். சேந்தனார் 'வாய்க்கால்' என்று எழுதினார். "அதைத் தூர்த்தது நான்தான்" என்று கலியப்பர் பெருமையோடு அழித்தார். கலியப்பர் 'புங்கமரம்' என்று எழுதினார். சேந்தனார் முழங்கையாலேயே அழித்தார். சத்திரம், படித்துறை, மீன்சந்தை என்று எழுத்து விழ விழ, கை பின்னாலேயே வந்தது. தலைப்பாகை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் இருவரும் தவழ்ந்து தவழ்ந்து அழித்தார்கள். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் இருவரும் மூச்சு வாங்க எழுந்து நின்றபோது, மணலில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

நீலாயி வெற்றோலையை அந்த மணலின் மேல் வைத்தாள்.

"படித்துவிட்டேன் அரசே. இருவரும் ஊருக்குச் செய்தது அத்தனையும் இதில் இருக்கிறது. மக்கள் ஓர் எழுத்துகூட விடாமல் எழுதியிருக்கிறார்கள்."

அரசர் மணலைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், மணல் அப்பிய இரண்டு முகங்களையும் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கசையடி ஆணையை ரத்து செய்தார். தன் முத்துமாலையைக் கழற்றி நீலாயிக்குக் கொடுத்தார். பிறகுதான் அவருக்கு ஒரு கவலை வந்தது.

"அது சரி நீலாயி, இந்த ஆண்டு ஊர்த்தலைவர் யார்?"

"வென்றது வெற்றோலைதானே அரசே, அதுவே இருக்கட்டும். அது எதையும் கட்டாதுதான். ஆனால் எதையும் இடிக்காது."