நாலு பேருக்கான பச்சைக் குழம்பு

ஓடைக்குறிச்சியில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் சிங்காரம், அடுத்தவன் தவசி, அதற்கடுத்தவன் மாசிலாமணி, கடைக்குட்டி குருநாதன். பந்தல் போடுவது தொழில். சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பந்தலும் நாற்காலியும் இவர்களுடையதுதான். சொந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு பந்தற்கால் நட்டதில்லை. சிங்காரத்துக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிகளுக்கு ஆகாது என்பதால் மற்ற மூவரும் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை, நால்வரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். தட்டியிருந்தால் என்றைக்கோ கல்யாணம் ஆகியிருக்கும். போன வருஷம் பெண் பார்க்கப் போன வீட்டில், "ஒரு நிமிஷம் உட்காருங்க, பொண்ணு வந்துருவா" என்றார்கள். தவசி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். ஒரு நிமிஷம் ஆனதும் நால்வரும் எழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் தரகர் ஞானசுந்தரியின் பேச்சை எடுத்தார். பாங்காக் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் நர்சாக இருந்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியவள். தரகர் அவளுக்கு அனுப்பிய படத்தில் சிங்காரம் ஏணி உச்சியில் நின்று பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். அதில் விழுந்ததெல்லாம் ஏணியும் இரண்டு கால்களும்தான். வலது கால் கட்டைவிரலில் மட்டும் நகம் கிடையாது. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. போன் போட்டுத் தானே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து மாப்பிள்ளை பாக்கேன். பஜ்ஜி, கேசரி எல்லாம் வேண்டாம். எனக்குப் பாங்காக்ல சாப்பிட்ட பச்சைக் குழம்புன்னா உயிரு. மசாலா கடையிலயே பாக்கெட்ல கிடைக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள்னு இருக்கும், பச்சையா வாங்குங்க. பின்னாடி என்னென்ன சேர்த்திருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அந்தக் குழம்பு நல்லா அமைஞ்சா மத்ததும் அமையும்."

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை எந்தப் பெண்ணும் அவரிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

சனிக்கிழமை காலை நால்வரும் தென்காசியில் ஒரு பெரிய கடைக்குப் போய், ஒவ்வொரு பொருளாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார்கள். பிஸ்கட்டில் பதினெட்டு. ஊறுகாயில் பதினொன்று. பகல் பன்னிரண்டு மணிக்கு மாசிலாமணி ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, இதுல ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்கு. உப்பு."

"என்ன பாக்கெட்டுலே அது?"

"உப்புப் பாக்கெட்டு."

"பச்சையா இருக்கா?"

"கவர் பச்சைதான்."

சிங்காரம் திருப்தியோடு அதை வாங்கிக்கொண்டார். அப்போது குருநாதன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் கையில் பச்சைப் பிடி போட்ட துடைப்பம் இருந்தது.

"அண்ணே, இதுல பட்டியலே கிடையாது."

நால்வரும் துடைப்பத்தைச் சுற்றி நின்று யோசித்தார்கள். பட்டியலே இல்லாததை விடச் சின்னப் பட்டியல் இருக்க முடியாது என்று தவசி தீர்ப்புச் சொன்னான். அந்தப் பக்கம் வந்த கடைப் பெண் விஷயத்தைக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பச்சை மசாலாப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அதில் பச்சை மிளகாயில் தொடங்கி ஒன்பது சாமான்கள் இருந்தன. சிங்காரத்துக்கு மனசு ஆறவில்லை. ஒன்பது என்பது அதிகம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று துடைப்பத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினார்கள். பாக்கெட்டின் மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தவசி அதைச் சத்தமாக வாசித்தான். "மசாலாவை வாசனை வரும் வரை வதக்கவும்."

கரண்டி பிடித்தவன் மாசிலாமணி. அவனுக்கு மூன்று நாளாக மூக்கடைப்பு.

"வந்துச்சாலே?"

"இன்னும் வரலண்ணே."

"எனக்கு வருதே."

"நீ வதக்கலையே அண்ணே. வதக்குறது நான்."

அது நியாயமாகப் பட்டது. மேலும் கால் மணி நேரம் வதக்கினான். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்னய்யா பண்ணுதீங்க, நெடி எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்துருக்கு" என்று இருமினாள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ வந்துட்டுது. அவங்க வீட்டுக்கு வந்துருக்கு. விலாசம்தான் தப்பு" என்றான் குருநாதன்.

உடனே அடுப்பைக் குறைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். அடுத்த வரி, "வீட்டில் உள்ள காய்கறிகளைச் சேர்க்கவும்." தோட்டத்தில் கத்தரிக்காய் குலை குலையாகக் காய்த்துக் கிடந்தது. ஆனால் தோட்டம் வீட்டுக்கு வெளியே இருந்தது. தேடிப் பார்த்ததில் வீட்டில் இருந்த ஒரே காய், நிலைப்படியில் திருஷ்டிக்காகக் கட்டியிருந்த பூசணிக்காய்தான். அதன் மேல் பெரிய கண்ணும் முறுக்கு மீசையும் பல்வரிசையும் வரைந்திருந்தது.

"நிலைப்படி வீட்டுக்கு உள்ளயா வெளியயா?" என்று சிங்காரம் கேட்டார்.

"பாதி உள்ள, பாதி வெளிய" என்றான் தவசி. ஆகவே பாதியை மட்டும் வெட்டிப் போட்டார்கள். மீசை தங்கிவிட்டது, ஒரு கண் குழம்புக்குள் போனது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் தவசி கடைசி வரியை வாசித்தான். வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இது நாலு பேருக்கு."

குருநாதன் விரல் விட்டு எண்ணினான். அண்ணன் தம்பி நால்வர், வருகிறவள் ஒருத்தி. ஐந்து.

"அஞ்சு பேரு சாப்பிட்டா என்னலே ஆகும்?"

"நல்லா அமையாது. எழுதினவனுக்குத் தெரியாதா?"

குழம்பு நன்றாக அமைந்தால்தான் மற்றதும் அமையும் என்று அவள் சொன்னது நால்வருக்கும் ஞாபகம் வந்தது. யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மாசிலாமணி சமைத்தவன். குருநாதன் சின்னவன், பசி தாங்க மாட்டான். தவசி சீட்டு வாசிக்க வேண்டும். சிங்காரம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"என் கல்யாணம் நடக்கணும்னா நான்தாம்லே விட்டுக்கொடுக்கணும். நான் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கேன்."

அண்ணனின் பெருந்தன்மையை நினைத்துத் தம்பிகள் அழுதார்கள். சும்மா நிற்பானேன் என்று அவர் துடைப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

பதினொன்றரைப் பஸ்ஸில் ஞானசுந்தரி வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாப்பை ஒருவர் பளிச்சென்று கூட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் போய் வழி கேட்டாள்.

"சிங்காரம் வீடு எதுங்க?"

"நேரே போயி, வாட்டர் டேங்குக்கு இடது பக்கம். ஆனா சிங்காரம் அங்க இருக்க மாட்டாரு."

"எங்க போயிருக்காரு?"

"பஸ் ஸ்டாப்புல நிக்காரு."

"எந்த பஸ் ஸ்டாப்புல?"

"இதேதான்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. "அப்ப நீங்க யாரு?"

"நான் கணக்குல கிடையாதும்மா" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு அவள் நின்ற இடத்தைச் சுற்றிக் கூட்டினார். அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். வலது கட்டைவிரலில் நகம் இல்லை. அவள் வாட்டர் டேங்கைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் மூன்று தம்பிகளும் அவளோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். அவள் தட்டில் விழுந்த பூசணித் துண்டு அவளையே முறைத்துப் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

"மாப்பிள்ளை எங்க?"

"இது நாலு பேருக்குத்தான். அண்ணன் அஞ்சாவது" என்று தவசி சீட்டை நீட்டினான்.

அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு வருஷத்துல இவ்வளவு மோசமான பச்சைக் குழம்பை நான் சாப்பிட்டதில்ல. ஆனா எனக்காகப் பட்டினி நிக்கிற ஆளையும் பாத்ததில்ல. தேதி குறிங்க" என்றாள்.

கல்யாணப் பந்தலை அவர்களே போட்டார்கள். அவள் ஆசைக்காக விருந்திலும் பச்சைக் குழம்பு. எழுபத்தைந்து பாக்கெட் வாங்கினார்கள். முன்னூறு பேருக்குக் கணக்குச் சரி. முகூர்த்தத்தன்று மாசிலாமணி தலைகளை எண்ணினான். முன்னூற்றொன்று. சிங்காரம் மாலையும் கழுத்துமாக எழுந்து, பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஐயர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார். கடைசியில் ஞானசுந்தரியே தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அதைப் பார்க்கக் கூட்டம் மொத்தமும் பின்னால் போனது. நடு வீதியில் மேளம் கொட்ட, சிங்காரம் தாலி கட்டினார்.

குருநாதன் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, உள்ள ஒருத்தருமே இல்ல. இப்ப நீ தாராளமாப் போகலாம்."

சிங்காரம் உள்ளே போய் முதல் இலையில் உட்கார்ந்தார். "இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு வரலாம்லே. எண்ணி விடு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். மாசிலாமணி வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விட்டான். பந்தல் நிறைந்தது, கணக்கும் சரியாக முடிந்தது.

பன்னிரண்டு மணிப் பஸ்ஸில் தாமதமாக வந்து இறங்கிய உறவுக்காரர் ஒருவர் பந்தல் வாசலுக்கு வந்தார். அங்கே பட்டுப் புடவையும் மாலையுமாக ஒருத்தி, பச்சைப் பிடி போட்ட துடைப்பத்தால் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எங்கம்மா?"

"வாசல்ல நிக்கா."

"அப்ப நீ யாரும்மா?"

"நான் கணக்குல கிடையாதுங்க" என்றாள் ஞானசுந்தரி.